பவித்ராவின் களிமண் சுவர்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்று அங்கன்வாடியில் பிள்ளைகளிடம் களிமண்ணும் கல்லும் கொடுத்து, தட்டில் சுவர் கட்டச் சொன்னேன். தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் கரைந்துபோயின. நான்கு வயது பவித்ராவின் சுவர் மட்டும் நின்றது. உள்ளே கல் அடுக்கியிருந்தாள். கைதட்டினோம்.

மதியம் அவளைக் கூட்டிப்போக அம்மா வந்தபோது பவித்ரா தட்டை விட மறுத்துவிட்டாள்.

"டீச்சர், இத்த எங்க வூட்டாண்ட வெச்சா கடலு உள்ள வராதுல்ல?"

நேற்றும் அலை அவர்கள் அடுப்புவரை வந்ததாம். அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீயே சொல்லு டீச்சர், நான் சொன்னா கேக்கமாட்டேன்றா."

உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "வராதுடா கண்ணு" என்று சொல்லித் தட்டோடு அனுப்பிவிட்டேன்.

எண்ணூர்க் கரையில் அலை இன்னும் ஓயவில்லை. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது. என்னை நம்பித் தூங்கியிருப்பாள்.