கண்ணைத் திறக்க மறுத்த மனுஷன்

மார்ச் 3, திங்கள்

இன்று பிசியோவில் என் வீட்டுக்காரர் இடது கையால் பந்தைப் பிடித்தார். ஜனவரியில் வந்த ஸ்ட்ரோக் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. ஆனால் கஞ்சியில் உப்பு குறைந்தால் முகத்தைச் சுளிக்க மட்டும் நன்றாகத் தெரிகிறது!

மார்ச் 5, புதன்

கொழுந்தன் ரூபேந்திரன் ரமலான் பஜாரில் முர்தபாக் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான். நல்ல பிள்ளைதான். இவருக்கு அரசாங்க டிஜிட்டல் ஐடி திறக்க வேண்டுமாம்.

"என் ஃபோன்லயே திறந்துடுறேன் அண்ணி, உங்களுக்கு ஏன் தலைவலி? அண்ணன் கேமராவப் பாத்துக் கண்ண சிமிட்டினா போதும் லா."

அடையாள அட்டையான ஐசியைத் தேடவே இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன என்றாலும் முதல் வேலை ஐசியை முன்னும் பின்னும் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதுதான். இவருடையதும் அங்கே கிடந்தது.

ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டினான். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அலமாக்! திறங்கண்ணா!"

ம்ஹூம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உதவிக்கு வந்தவனிடம் இப்படியா வீம்பு பண்ணுவது என்று கத்திவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

நானும் பேசவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 8, சனி

ரூபேந்திரன் மறுபடியும் வந்தான். இந்த முறை இமையை விரலால் பிடித்துத் திறக்கப் போனான். இவர் கண்ணோரம் தண்ணீர். ஐயோ — அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"விடுடா! வேணாங்கிறாரு, தெரியலையா?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வேண்டாம் என்றுதானே அன்றைக்கும் சொன்னார்? வாய் வராத மனுஷன் வேறு எப்படிச் சொல்வார்? அவர் பெயரில் எதையும் செய்யக்கூடிய சாவி அது. அதை இன்னொருவர் ஃபோனில் வைக்கப் பார்த்தோம், அவரை ஒரு வார்த்தை கேட்காமல். நானும்தான். பாவி.

மார்ச் 9, ஞாயிறு

குழுவில் உள்ள ஐசி படத்தை அழிக்கச் சொன்னேன். ரூபேந்திரன் உடனே போன் போட்டான்.

"நான் என்ன திருடனா அண்ணி?"

"யாருடா அப்படிச் சொன்னா? உன் ஃபோன் காணாமப் போனா, உங்கண்ணனும் சேந்து காணாமப் போயிடுவாருடா."

சிரித்துவிட்டான். சாயங்காலம் படத்தை அவனே அழித்துவிட்டான்.

மார்ச் 15, சனி

இன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "உங்க ஃபோன்லயே திறக்கலாமா? பின் நம்பர நீங்களே போடுங்க, நான் திரும்பிக்கிறேன். வேணாம்னா வேணாம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் என் விரலை அழுத்தினார்.

ஃபோனைத் தூக்கிப் பிடித்தேன். கண்ணை நன்றாகத் திறந்தார். ஃபோன் சிமிட்டச் சொன்னது. இவர் கேமராவை விட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒற்றைக் கண்ணை அடித்தார்!

பதிவு தோல்வி என்று வந்தது. நான் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடிச்சது இதுதான் முதல் தடவை. கிழவனுக்கு இப்பதான் தைரியம் வந்திருக்கு.