நெற்றிக்கு வைக்காத திருநீறு

இன்று காலை கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் ஒரு வேகத்தடையில் லாரி குலுங்கி, சீட்டுக்குப் பின்னால் செருகியிருந்த உங்கள் திருநீற்று டப்பாவின் மூடி கழன்றுவிட்டது. கேபின் முழுக்கச் சாம்பல். அந்த டப்பாவில் எப்போதும் எஞ்சின் ஆயில் வாசனை அடிக்கும். சாம்பலும் ஆயிலும் சேர்ந்து மூக்கில் ஏறியபோது, நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, மச்சா.

நினைவிருக்கிறதா, உங்கள் பட்டறையில் ஸ்பானர்களோடு கிடக்கும் டப்பா அது. எங்கே ஆயில் ஒழுகுகிறது என்று பிடிபடாத வண்டி வந்தால், எஞ்சினை டீசல் விட்டுக் கழுவித் துடைத்துக் காயவைத்து, சந்தேகப்படும் இடமெல்லாம் திருநீற்றைத் தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்வீர்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் இடத்தில் சாம்பல் கறுக்கும். சொட்டுகிற இடத்தை விட்டுவிட்டு, ஈரம் தொடங்குகிற இடத்தைத்தான் தேடுவீர்கள். முதல் தடவை பார்த்தபோது நான் பதறிப்போனேன்.

"சாமி திருநீறைப் போயி ஆயில்ல போடறீங்களே மச்சா?"

"இது நெத்திக்கு வெக்காததுங்க மாப்ள. எஞ்சினுக்குன்னே மளிகைக்கடையில வாங்கினது. கோயிலுது வேற, இது வேற" என்று சிரிக்காமல் சொன்னீர்கள். நான்தான் நம் ஊர் எருத்தேன்பதி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு என் வண்டிக்கே ஒழுகல் வந்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஆயில். வழக்கம்போல வண்டியை நன்றாகக் கழுவி உங்களிடம் கொண்டுவந்தேன். டாக்டரிடம் போகும்போது துவைத்த சட்டை போடுவதில்லையா, அந்த மாதிரி எனக்கொரு பழக்கம். நீங்கள் திருநீறு தட்டி அரை மணி நேரம் ஓடவிட்டீர்கள். சாம்பல் வெள்ளையாகவே இருந்தது. இருந்தாலும் என் பேச்சை நம்பி கியர் பாக்ஸை இறக்கி, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் பின்பக்க ரப்பர் சீலை மாற்றினீர்கள். ஒரே வாரத்தில் மறுபடி ஒழுகியது. மறுபடி இறக்கினீர்கள், மறுபடி புது சீல். அதுவும் நிற்கவில்லை.

"இங்க நிக்கறப்ப ஒரு சொட்டுக் காணோம். ஊட்டுக்குப் போனா ஒழுகுதுங்கறீங்க. வேற ஏதாச்சும் மாத்தினீங்களா மாப்ள?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஊட்டுக்கு வந்து நானே ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். எனக்கு எரிச்சல் ஏறியிருந்தது. மறுநாள் டீக்கடையில் நான்கு லாரிக்காரர்கள் இருக்கும்போது வாயை விட்டேன். "பழைய சீலைத் தொடச்சு மாட்டிப்போட்டுப் புதுசுன்னா எப்படிங்க நிக்கும்?" என்று கேட்டேன். அப்படி நடந்திருக்கும் என்று நானே நம்பவில்லை. பேச்சுக்கு ஒரு காரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பீர்மேட்டுக்குப் போனேன். ஏற்றத்தில் ஆயில் ஒழுகிய வேகத்தைப் பார்த்து பயந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினேன். அங்கே நின்ற ஜீப் டிரைவர் ஒருவர் குனிந்து பார்த்தார். கையை உள்ளே விட்டு ஒரு துணியை இழுத்துக் காட்டினார். ஆயிலும் புழுதியும் ஏறி, அடை மாதிரி கெட்டியாகியிருந்தது.

"என்னண்ணே, மூக்கப் பொத்திக்கிட்டு மலை ஏறச் சொன்னா அது என்ன செய்யும்? வேற எடத்துலதான கக்கும்" என்றார்.

அது நான் கட்டிய துணி, மச்சா. எஞ்சின் மூச்சு விடுகிற ப்ரீதர் குழாயிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு விழுந்து வாசலில் கறை ஆகிறதென்று என் மனைவி சத்தம் போட்டாள். பழைய வேட்டியைக் கிழித்துக் குழாயின் வாயில் கட்டிவிட்டேன். உள்ளே அடைபட்ட காற்று சீலை மீறி ஆயிலைத் தள்ளியிருக்கிறது. உங்களிடம் வரும்போதெல்லாம் வண்டியைக் கழுவுவேன் அல்லவா, அப்போது அந்தத் துணியையும் அவிழ்த்துவிடுவேன். அழுக்குத் துணியோடு பட்டறைக்குப் போக வெட்கம். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கட்டிவிடுவேன். நோயை வீட்டில் வைத்துவிட்டு வண்டியை மட்டும் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் என் வீட்டு வாசலுக்கு வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் பார்த்திருப்பீர்கள்.

துணியைத் தூக்கி எறிந்தேன். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இறங்கி வரும் வழியெல்லாம் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வந்த அன்றே அதே டீக்கடையில் நீங்கள் எதிரில் வந்தீர்கள். சுற்றிலும் அதே ஆட்கள். "இப்ப ஒழுகுதுங்களா மாப்ள?" என்று கேட்டீர்கள்.

"வேற பக்கம் காட்டினேன். சீல் சரியா உக்காரலையாமா. இப்ப நின்னுபோச்சு" என்றேன். இவ்வளவு பொய்யும் யோசிக்காமலே என் வாயில் வந்தது.

"அப்படீங்களா. சரீங்க" என்றீர்கள். மாப்ள என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே சொல்லவில்லை.

அங்கிருந்தவர்களில் இரண்டு பேர் வண்டியை வேறு பட்டறைக்கு மாற்றினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். என் பேச்சால்தான் பட்டறை மூடியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பெருமை மாதிரி ஆகிவிடும். ஆனால் நீங்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் பொள்ளாச்சியில் இன்னொருவரிடம் வேலைக்குப் போனபோது, உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான். எட்டே மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். உங்கள் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். தங்கச்சி இந்த டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது.

"உங்க வண்டியப் பத்தியேதானுங்கண்ணா பேசிட்டிருந்தாரு. சீல்ல எங்க தப்புப் பண்ணினேன்னே தெரியலையேன்னு படுத்தாக்கூடச் சொல்லுவாரு. இத நீங்களே வெச்சுக்கங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இன்று அந்தச் சாம்பல் பறந்த பிறகு லோடு ஏற்றப் போக முடியவில்லை. வண்டியைத் திருப்பி நேராக டீக்கடைக்குப் போய், எல்லோரும் கேட்க நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர், "போனவரு போயிட்டாரு. நீங்க எதுக்குங்க மனசப் போட்டு ஒழப்பிக்கறீங்க" என்று ஒரு டீயை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அந்தத் தெம்பில்தான் உங்கள் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. துணி, பீர்மேடு, டீக்கடையில் சொன்ன பொய், எதையும் விடாமல் சொன்னேன். கீரை உருவும் கை நிற்கவில்லை.

"அவரு இருக்கறப்பவே உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும் தங்கச்சி."

"பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாலயேங்களா?"

"ஆமா."

ஒரு காம்பு முழுக்க உருவி முடிந்தது. திட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த டப்பாவக் குடுத்துட்டுப் போங்க" என்றது.

வண்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். பாதிக்கு மேல் கொட்டிப்போயிருந்தது. தங்கச்சி முந்தானையால் வெளிப்பக்கம் துடைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போனது.

திரும்பி வந்து ஏறியபோது கேபின் தரையில் உங்கள் சாம்பல் இன்னும் கிடந்தது. என் செருப்பில் இருந்த ஆயில் பட்டு, நான் மிதித்த இடம் மட்டும் கறுத்திருந்தது. அதைத் துடைக்காமல்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மச்சா.