கமிட்டி அறையில் உமது கை

தோழர்,

நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணம்தான் முதலில் வந்தது. உமக்கு அடக்கப் பூசை முடிந்து, மாதா கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் எல்லாருக்கும் கோப்பி கொடுத்தார்கள். வெளியே பனி கொட்டியது. சனம் கழற்றிக் கொழுவிய கோட்டுகள் ஹீட்டர் சூட்டில் காய்ந்து மணத்தன. அந்த மணத்தோடு நான் மொன்றியலை விட்டு, லண்டனில் தையற்கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குப் போய்விட்டேன்.

இளவயதுக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காத உம்மைப் பீடத்துக்கு முன்னால் பெட்டியில் வளர்த்தியிருந்தார்கள். மகளும் மருமகனும் கூடி எடுத்த முடிவு. எடுத்த முடிவுக்குக் கட்டுப்படுகிறவர் நீர். பேசாமல் கிடந்தீர்.

எனக்கு எழுத்து வராது என்று உமக்குத் தெரியும். கீழ்வீட்டு ரீச்சர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறா. சில இடங்களில் என் பேச்சைத் திருத்தியும் விடுகிறா. விட்டுவிடுகிறேன்.

அந்த அறையில்தான் கம்யூனிஸ்டுகளின் கமிட்டி கூடும். நீரும் நானும் என் தம்பி சூசையும் ஒரே பவுண்டரியில், இரும்பு வார்க்கிற இடத்தில், வேலை செய்த காலம். சட்டம் படிக்க வந்து பாதியில் விட்ட நீர் ஸ்டோரில். கப்பலில் வேலைசெய்து வந்து இறங்கிய நானும் தம்பியும் உலையடியில். கமிட்டியில் இருந்த ஒரே தமிழன் நீர்தான். நான் பூசைக்குப் போகிறவன், கட்சியில் சேரவில்லை. சேராதபடியால்தான் உமக்குத் தேவைப்பட்டேன்.

உங்கள் வேலைமுறை எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. தீர்மானத்தின் சொற்களைக் கமிட்டி கூடிக் கை தூக்கி முடிவு செய்யும். உள்ளே எதிர்த்துக் கை தூக்கினவரும் வெளியே அந்த முடிவுக்காகத்தான் பேச வேண்டும். பிறகு தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்துக்கு நீங்கள் தனித்தனியாக வந்து மூலைக்கொருவராக இருப்பீர்கள். ஆளையாள் பார்க்கவும் மாட்டீர்கள். கட்சியில் இல்லாத ஒருவன்தான் எழுந்து தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். கடதாசியைப் பார்த்து வாசித்தால் கமிட்டி எழுதிக் கொடுத்தது என்று சங்கச் செயலாளர் பிடித்துவிடுவார். எனக்கோ வாசிக்கவே தெரியாது. கூட்டத்துக்கு முன் அந்த அறைக்குக் கூப்பிட்டு நீர் சொல்லித் தருவீர். ஒருதரம் கேட்டால் எனக்குள் பதிந்துவிடும். கூட்டத்தில் எழுந்து, என் கப்பல் இங்கிலீசில், வெறுங்கையை வீசிக்கொண்டு சொல்லுவேன். மனதிலிருந்து வருகிறது என்று நினைத்து வெள்ளைக்காரர் மேசையில் தட்டுவார்கள்.

சட்டம் போட்டுத் தொழிலாளியின் சம்பளத்தைக் கூடவிடாமல் கட்டிவைக்கக் கூடாது என்பது அப்படி நான் சொன்னவற்றில் ஒன்று. அது கிளையில் நிறைவேறி, வட்டாரத்துக்குப் போய், சங்கத்தின் மாநாட்டுக்குப் போய், கடைசியில் எங்கள் சங்கமும் சேர்ந்திருந்த, நாட்டை ஆண்ட பெரிய கட்சியின் மாநாட்டுக்கும் ஏறியது. ஏதோ ஒரு கடற்கரைப் பட்டணத்தில் நடந்த மாநாடு. கன்ரீன் ரேடியோவில் யாரோ பெரிய மனிதர் அதே சொற்களைச் சொல்லக் கேட்டு நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"தோழர், இது என்ரை வசனமெல்லோ?"

நீர் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உம்மடையும் இல்லை, என்ரையும் இல்லை. கமிட்டியின்ரை," என்றீர்.

தேர்தலில் நின்றால் கட்டுக்காசை இழக்கிற கட்சி உங்களுடையது. ஆளுகிறவர்களின் வாயில் சொல்லை வைக்க அந்த மேல்மாடி அறை போதுமாயிருந்தது. எனக்கு அதில் பெருமை. கொஞ்சம் பயமும் இருந்தது.

பவுண்டரியில் மெஷின் பகுதிக்குக் கறுத்தவர்களை எடுப்பதில்லை. எங்கும் எழுதிவைக்கவில்லை, எடுப்பதில்லை, அவ்வளவுதான். சூசைக்கு நெஞ்சில் புகை கட்டிவிட்டது. உலையடியை விட்டு மாறச் சொன்னார் டாக்குத்தர். மாறுவதற்கு இருந்த இடம் மெஷின் பகுதி மட்டும். அப்போதுதான் நீர் ஒரு தீர்மானம் எழுதினீர். தோலைக் காட்டி ஒரு தொழிலாளிக்கு எந்தப் பகுதியின் கதவும் சாத்தப்படக் கூடாது என்று அது தொடங்கும். எனக்குச் சொல்லித் தந்தபோது உமது குரல் வழமைபோல இல்லை. சூசையும் பக்கத்தில் நின்று கேட்டான்.

கிளைக் கூட்டத்தன்று பின்னேரம் கமிட்டி கூடியது. நானும் தம்பியும் தையற்கடை வாசலில் காத்து நின்றோம். நீர் படியிறங்கி வந்தீர்.

"இண்டைக்கு வேண்டாம். சம்பளப் போராட்டம் வருது. இப்ப இதை எடுத்தால் மெஷின் பகுதிக்காரர் பிரிஞ்சு போவினம்."

"இது கமிட்டி சொல்லுறதோ, நீங்கள் சொல்லுறதோ?" என்று தம்பி கேட்டான்.

"முடிவு எங்கட முடிவு."

நான் சொல்லாமல் விட்டேன். ஆனால் கூட்டத்தில் சூசை தானே எழுந்துவிட்டான். தீர்மானம் அவனுக்குப் பாதிதான் நினைவிலிருந்தது. மிச்சத்துக்கு நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். சபை அசைந்தது. அதற்கு மறுப்புச் சொல்ல எழுந்தவர் நீர். கோரிக்கை நியாயம், நேரம் பிழை என்று பேசினீர். அதைப்போல ஒரு பேச்சு நீர் அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. தமிழனே வேண்டாமென்கிறான், எங்களுக்கென்ன என்று வெள்ளைக்காரர் ஆறுதலாக மூச்சு விட்டார்கள். நானும் இன்னும் சிலரும் சூசைக்குக் கை தூக்கினோம். போதவில்லை.

சம்பளப் போராட்டத்தில் வென்றோம். சூசையின் பைக்குள்ளும் கூடுதல் சம்பளம் வந்தது. சில வருசம் கழித்து அதே தீர்மானத்தை உமது கமிட்டி எடுத்தது, நான் சொன்னேன், நிறைவேறியது. அதுவும் மேலே மேலே ஏறியது. மெஷின் பகுதிக் கதவு திறந்தபோது உள்ளே நடந்து போகத் தம்பிக்கு மூச்சு இல்லை.

ஆசுப்பத்திரியில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணை, அவர் கூட்டத்திலை கதைச்சதுக்கு எனக்குக் கோவமில்லை. அது அவையின்ரை சட்டம். அறைக்குள்ளை எந்தப் பக்கம் கை தூக்கினவர் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

அவனுடைய அடக்கத்துக்கு நீர் வந்தீர். கோயிலுக்குள் வரவில்லை, மழையில் வெளியே நின்றீர். அன்றைக்கு உம்மைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன் போய்ச் சேருமுன் கேட்டுச் சொல்லவுமில்லை.

பிறகு காலம் எங்களை இங்கே மொன்றியலுக்குக் கொண்டுவந்து விட்டது. நான் மகனோடு லாசாலில், நீர் மகளோடு புரோசார்டில். மெட்ரோவும் பஸ்ஸும் ஏறி உமது வீட்டடிக் கடைத்தொகுதிக்குக் கோப்பி குடிக்க வருவேன். நீர் பேப்பர் வாசித்துக் காட்டுவீர், வாசித்துவிட்டு உலகத்தை ஏசுவீர். உமது பேரன் பிரெஞ்சில் உம்மைப் பகிடி பண்ணுவான். என்ன சொன்னான் என்று விளங்காமலே நீர் "மெர்சி" என்று நன்றி சொல்லுவீர்.

உங்கள் கட்சியைக் கலைத்துக் கனகாலம் என்று நீரே ஒருநாள் சொன்னீர். அன்றைக்குத்தான் கேட்டேன். சூசை கேட்டதை அவன் கேட்டபடியே கேட்டேன்.

நீர் பேப்பரை மடித்தீர். "உள்ளுக்குள்ளை ஆர் எந்தப் பக்கம் எண்டு வெளியிலை சொல்லுறதில்லை."

"கட்சியே இல்லை, தோழர். ஆருக்குப் பயப்பிடுறீர்?"

"நான் என்ரை கையைச் சொன்னால் மற்றவையின்ரை கையையும் சொன்ன மாதிரி."

"அவையெல்லாம் செத்திட்டினம்."

"செத்தவை எண்டால் இன்னும் சொல்லக் கூடாது. அவையாலை மறுத்துக் கதைக்க ஏலாது."

உமக்குக் கண் கலங்கியிருந்தது. அது எதிர்த்துத் தோற்றவனின் கண்ணீரா, ஆதரித்து வருந்துகிறவனின் கண்ணீரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. பஸ்ஸடியில் என் கழுத்துத் துணியை இழுத்துக் கட்டிவிட்டீர். அதற்குப் பிறகும் எத்தனையோ கோப்பி குடித்தோம். அந்தக் கதையை இருவரும் எடுக்கவில்லை.

இப்போது கண்ணை மூடினால் நான் ஒருநாளும் உள்ளேயிருந்து பார்க்காத கூட்டம் தெரிகிறது. மேசையைச் சுற்றிக் கைகள் உயர்கின்றன. எல்லாம் வெள்ளைக் கைகள். உமது கையைத் தேடுகிறேன். நீர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்கிறீர். தோள் அசைகிறது. கை மேலே போகிறதா, மேசையில் கிடக்கிறதா தெரியவில்லை. எழும்பிப் போய் முன்னால் நின்று பார்க்க நினைப்பேன். நான் கட்சிக்காரன் இல்லை, கதவு சாத்தியிருக்கிறது.

மேலே ஒன்றுமில்லை என்றவர் நீர். உண்டு என்று நம்புகிறவன் நான். எனக்கும் இனி அதிக காலமில்லை. அங்கே சூசை நிற்பான். அவனுக்கு மூச்சு நன்றாக வரும், சத்தமாகவே கேட்பான். உனக்காகத்தான் கை தூக்கினவர் என்று சொல்லிவிடலாம் என்று சிலநேரம் நினைக்கிறேன். தம்பிக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. கேட்டேன், அவர் சொல்லவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அவன் நம்பமாட்டான். அண்ணையும் அந்தக் கமிட்டியில் சேர்ந்துவிட்டார் என்று நினைப்பான்.