சிவப்பு அம்பு ஒட்டிய சிட்டம்

செப்டம்பர் 7, 2024 – சனி

என் பெண்சாதி மார்கிரட் இன்று தான் நூற்ற முதல் கம்பளி நூல் சிட்டத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நுவரெலியாப் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்கிற அவளுடைய தம்பி எஸ்ரன், ஒரு மூட்டை ஆட்டு ரோமம் கொண்டுவந்து போட்டு ஒரு மாதமாகிறது. அன்றிலிருந்து கழுவுவதும் காயவைப்பதும் சீப்பால் வாருவதும் தக்ளியைச் சுற்றி நூற்பதுமாகத்தான் இருக்கிறாள். நூல் ஓர் இடத்தில் சுண்டுவிரல் தடிப்பு, ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் தையல் நூல்.

பல்லேகலயில் ஒரு ஸ்வெட்டர் ஃபேக்டரியில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவன் நான். குறை எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த அரைச் சுருள் இன்னும் மிச்சம் இருக்கிறது. சுவர் வெடிப்பில் ஒட்டியிருக்கிறேன், ஆடுகிற கதிரைக் காலில் ஒட்டியிருக்கிறேன், ஒருமுறை கருகின ரொட்டியிலும். அவளும் சிரிப்பாள். இன்று சிட்டத்தில் ஒன்றை ஒட்டி, "ரிஜெக்ட்" என்றேன்.

சிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

செப்டம்பர் 29

இன்னும் நூற்கிறாள். கூடையில் ஏழு சிட்டம். நூல் கொஞ்சம் சீராகி வருகிறது. சொல்லவில்லை. பின்னுவதற்கு எப்படியும் என்னிடம்தானே வர வேண்டும்? இந்த வீட்டில் பின்னுகிறவன் நான்.

அக்டோபர் 12 – சனி

கூடை காலி.

"நூல் எங்க?" என்று கேட்டேன்.

"நிரஞ்சனிகிட்ட குடுத்துட்டேன். எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர்றாங்க."

நிரஞ்சனி! டவுனில் கொழும்பு வீதியில் பொத்தானும் நூலும் விற்கிற கடைக்காரி. நான் ஊசி வாங்குகிற கடை. அவள் பின்னலை எனக்குத் தெரியாதா? தளர்ந்த கை. கண்ணி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பிள்ளைகளுக்கு, மச்சாளுக்கு, மாதா கோயில் விற்பனைக்கு என்று இத்தனை வருடம் பின்னியவன் வீட்டுக்குள் இருக்கிறேன், நூல் பஸ் ஏறி டவுனுக்குப் போகிறது.

"ஏன் என்கிட்ட தரல?"

"நீங்க பாஸ் பண்ணாத நூலு. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"

எரிச்சல்தான். வேறு என்ன எழுத.

அக்டோபர் 14

பின்னத் தா என்று நானாகக் கேட்கப் போவதில்லை.

அக்டோபர் 22

பொத்தான் வாங்கப் போனேன். வீட்டில் ஒரு டப்பா நிறையப் பொத்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

நிரஞ்சனி கல்லாவில் உட்கார்ந்து அதைத்தான் பின்னிக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் பாதி ஏறியிருந்தது. "வாங்க அண்ணே, அக்காட நூல பாத்தீங்களா? பின்னப் பின்ன வைக்க மனசு வருதில்ல" என்று என் மடியிலேயே போட்டாள்.

பிழை தேடித்தான் பார்த்தேன். இருபத்தாறு வருடத்துக் கண் வேறு எதைத் தேடும்? தடித்த இடம் மேடாகவும் மெலிந்த இடம் பள்ளமாகவும் விழுந்து, துணி முழுக்க ஒரு அசைவு. ஃபேக்டரியில் இதைப் போல ஒன்று வந்திருந்தால் அம்பு ஒட்ட இடம் போதாது. ஆனால் கையை எடுக்க முடியவில்லை. வெயிலில் கிடந்த ஆட்டுக்குட்டியைத் தொட்ட சூடு. விரலில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் பசை. நான் இத்தனை காலம் பின்னியதெல்லாம் கடையில் வாங்கிய நைலோன் கம்பளி, அதற்கு வாசனையே கிடையாது.

"அக்காவுக்கு நல்லா இருக்கும் என்ன?" என்றாள்.

"கண்ணி லூஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொத்தானைக் கடையிலேயே மறந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது விரலை முகர்ந்து பார்த்தேன். வாசனை இருந்தது.

நவம்பர் 9 – சனி

சொல்லக் கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

மார்கிரட் சந்தைக்குப் போயிருந்தாள். தக்ளியில் அவள் கடைசியாக நூற்ற நூல் கொஞ்சம் சுற்றியிருந்தது. அவிழ்த்தேன். பன்னிரண்டு கண்ணி போட்டுப் பத்து வரிசை பின்னினேன். ஊசியில் நூல் ஓடுகிற விதமே வேறு! நைலோன் வழுக்கிக்கொண்டு ஓடும். இது ஊசியைப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் இழுத்தால் வருகிறது. தடித்த இடம் வரும்போது கை தானாக மெதுவாகிறது. அடுத்தது என்ன வருமோ என்று பார்த்துப் பார்த்துப் பின்ன வேண்டும். தேநீர் ஆறிப் போனது தெரியவில்லை. அந்த நிரஞ்சனி தினமும் கல்லாவில் உட்கார்ந்து இந்தச் சந்தோஷத்தைத்தான் அனுபவிக்கிறாள். என் பெண்சாதி நூற்ற நூலில்!

கேட் சத்தம் கேட்டதும் அவிழ்த்துத் தக்ளியில் திரும்பச் சுற்றிவிட்டேன்.

நவம்பர் 10

மாட்டிக்கொண்டேன்.

கம்பளி பின்னலை மறக்காது என்பது தெரியாமலா இருந்தேன்? அவிழ்த்தாலும் சுருள் சுருளாகவே நிற்கும், நனைத்துக் காயவைத்தால்தான் நேராகும். பூசை முடிந்து வந்து தக்ளியைக் கையில் எடுத்தவள் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தன வரிசை?"

"பத்து" என்றேன்.

அந்த நூலைத் தண்ணீரில் போட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 30 – சனி

நிரஞ்சனி போன் கோல் எடுத்தாளாம். ஸ்வெட்டரின் உடம்பும் கையும் முடிந்துவிட்டது, கழுத்துக்கு நூல் போதவில்லை. தக்ளி நூலும் அவளிடம் போய்விட்டது, மூட்டையில் ரோமமும் தீர்ந்துவிட்டது.

மார்கிரட் அலுமாரியைத் திறந்து அந்த முதல் சிட்டத்தை எடுத்தாள். சிவப்பு அம்பு அப்படியே இருந்தது.

"இது ஒண்ணுதான் மிச்சம். நாளைக்கு நிரஞ்சனிகிட்ட கொண்டு போய்க் குடுங்க."

சிட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "கழுத்த நான் பின்னவா?" என்றேன். பிறகு, "அன்னைக்கு நான் அத ஒட்டியிருக்கக் கூடாது மார்கிரட்."

அவள் அலுமாரியைச் சாத்திவிட்டு வந்தாள். "ஒரு மாசமா அலசிக் கழுவி, கை வெடிச்சி நூத்தது. நீங்க பாத்தது தடிப்பு மட்டும்தானா?"

பிறகு ஊசிப் பெட்டியை அவளே எடுத்து மேசையில் வைத்தாள்.

டிசம்பர் 6

நிரஞ்சனியிடம் போய் ஸ்வெட்டரை வாங்கிவந்தேன். கழுத்து முடிந்தது. முதல் சிட்டம் என்பதால் கரடுமுரடு அதிகம். எவ்வளவு மெதுவாகப் பின்ன முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பின்னினேன். தீர்ந்துவிடுமே என்றுதான்.

இடது தோளுக்குக் கிட்ட ஒரு கண்ணி திரும்பிக் கிடக்கிறது. கடைசி வரிசை முடித்த பிறகுதான் கண்டேன். என் கையிலா? அவிழ்த்தால் நூல் சுருண்டுகொள்ளும். அவளுக்குத் தெரியாது. அப்படியே மடித்து வைத்தேன்.

டிசம்பர் 15 – ஞாயிறு

காலையில் நல்ல குளிர். பூசைக்கு அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள். கோயில் வாசலில்தான் பார்த்தேன் – இடது தோளுக்கு மேலே, கழுத்தில், சிவப்பு அம்பு. சரியாக அந்தக் கண்ணியைக் காட்டிக்கொண்டு.

"எடுத்துரு" என்று முணுமுணுத்தேன். கேளாதது போல நடந்தாள்.

பூசை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முதுகைத் தடவுகிறார்கள், கையைத் தடவுகிறார்கள். நிரஞ்சனி பின்னினது, நிரஞ்சனி பின்னினது. ஐந்து பேரிடமாவது மார்கிரட் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பாள். எனக்குப் பழைய எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. கழுத்து என்று ஒன்று இருப்பது ஒருத்தர் கண்ணிலும் படாதா?

அப்போது கூட்டத்தில் நின்ற நதீஷா டீச்சர் குனிந்து பார்த்தார். "இது என்ன மார்கிரட், சிவப்பா ஒட்டியிருக்கு?"

மார்கிரட் கழுத்தைத் தொட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அதா டீச்சர்? அது இவர் பின்னினது."