ஏ, பி பிளாக்குகளுக்கு நடுவே பாயும் காற்று

அனுப்புநர்:
ம. தங்கவேலு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
பி பிளாக், 15ஆம் மாடி,
பாலகாட், கோலார் தங்கவயல்.

பெறுநர்:
டெபுடி கமிஷனர் அவர்கள்,
கோலார் மாவட்டம், கோலார்.

பொருள்: இரு அடுக்குமாடிகளுக்கு இடையே பாய்ந்த காற்றில் என் மனைவி இறந்தது – மூன்றாவது கட்டடத்துக்கு அனுமதி தருமுன் காற்றுப் பரிசோதனை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி எல்லம்மா சுரங்கத் தொழிலாளியின் மகள். பூமிக்கடியில் பாறை வெடித்து, தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகள் குலுங்கினால், வழியிலுள்ள கதவுகளையெல்லாம் தட்டிக்கொண்டே வெட்டவெளிக்கு ஓடுவது அவர்கள் வழக்கம். சுரங்கம் மூடிய பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

2. சென்ற ஆடியில் ஒரு மாலை பேய்க்காற்று அடித்தது. எங்கள் வீட்டில் தொங்கும் விளக்கு ஆடியது, குடத்துத் தண்ணீர் தளும்பியது. "பாறை வெடிச்சிடுச்சி, எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே எல்லம்மா படியிறங்கினாள். "காத்துதாம்மே, நில்லு" என்று நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. மாடிக்கு மாடி கதவுகளைத் தட்டினாள். கீழே ஏ, பி பிளாக்குகளுக்கு நடுவிலுள்ள பாதையில் முதலில் கால் வைத்தவள் அவள்தான். காற்று அவளைத் தூக்கிக் கல் தொட்டியின்மேல் அடித்தது. பின்னால் வந்த பக்கத்து வீட்டு ஷோபா தூணைப் பிடித்துத் தப்பினார். எல்லம்மாவைக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைக்கவில்லை.

3. வீண் பீதியால் ஓடியதே மரணத்துக்குக் காரணம் என்று கட்டட நிறுவனம் எழுதியிருக்கிறது. உயரமான கட்டடம் காற்றில் சற்றே அசையும், அதனால் விழுந்துவிடாது என்று அவர்களுடைய பொறியாளர் இப்போது விளக்குகிறார். ஒப்புக்கொள்கிறேன். இதைக் குடிவந்த அன்றே எங்களிடம் சொல்ல அவர்களுக்கு வாய் இல்லையா?

4. கட்டடம் அசைந்தது பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார் அந்தப் பாதையைப் பற்றியது. குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறும். இரண்டு பிளாக்குகளும் மறித்த காற்று அந்தச் சந்தில் அப்படித்தான் சீறுகிறது. காற்று எப்படிப் பாயும் என்று கட்டட மாதிரியை வைத்துப் பார்க்கும் பரிசோதனை நடந்தது ஏ பிளாக்குக்கு மட்டும். பி பிளாக்கைப் பிறகு சேர்த்துக் கட்டினார்கள், மறுபடி பரிசோதிக்கவில்லை. இதையும் அந்தப் பொறியாளரே சொன்னார்.

5. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவது. அதில் அகப்படாமல், கட்டடங்களின் மறைவில் நிற்க எங்களுக்கு மிஞ்சியிருப்பது கிழக்கு மைதானம் ஒன்றே. மூன்றாவது கட்டடத்துக்கு அங்கேதான் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

ஆகவே, எல்லாக் கட்டடங்களையும் சேர்த்துக் காற்றுப் பரிசோதனை நடத்தும்வரை அனுமதியை நிறுத்திவைக்கவும், சந்துப் பக்க வாசலை அடைத்துக் கிழக்கே வழி திறக்கவும் தங்களை இறைஞ்சுகிறேன். அடுத்த ஆடியிலும் விளக்கு ஆடும். என்னதான் விளக்கினாலும் எங்கள் சனம் வெளியே ஓடத்தான் செய்யும். ஓடி வருகிறவர்கள் நிற்க அந்த மைதானத்தை விட்டுவையுங்கள் ஐயா.

தங்கள் நீதியை எதிர்பார்த்து,
(ஒப்பம்) ம. தங்கவேலு

இடம்: பாலகாட்
நாள்: 11.09.2024

இணைப்பு: என் மகள் சுனிதா எழுதிய கன்னட நகல்; எல்லம்மா தட்டிய கதவுகளைத் திறந்த அனைவரின் கையொப்பங்கள்.