அம்மா இல்லீங்க

ஆலத்தியூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்பிகாவுக்கு,

வீரமுத்து எழுதுவது. நானும் சத்யாவும் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? ஜெயில் ஆஸ்பத்திரி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

நீ போன் செய்தபோது ஃபேக்டரி வாசலில் லாரிக்காக நின்றிருந்தேன். இரைச்சலில் சரியாகக் கேட்காமல், யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டேன். 'எனக்குத்தாங்க, எட்டாவது பாஸாயிட்டேன்' என்று சொல்லிச் சிரித்தாய். உன் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. சென்னையிலிருந்து பாடம் எடுக்கும் டீச்சர் திரையில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும், நெட் நின்றுபோனால் படம் திரும்பி வரும்வரை நீங்கள் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருப்பதையும் சத்யாவிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முன்பெல்லாம் என் கடிதத்தை அங்கே யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். அதனால் நலம் விசாரித்து முடித்துவிடுவேன். இப்போது நீயே படிக்கிறாய். இதை அடுத்தவர் வாயால் நீ கேட்கக் கூடாது.

சத்யாவுக்கு ஜெயங்கொண்டத்தில் இடம் அமைந்ததை மட்டும்தான் போனில் சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை பூவரசனின் அம்மா பச்சையம்மாள் காபியை வாங்கிக்கொண்டே, 'அம்மா எங்கம்மா, உள்ள இருக்காங்களா?' என்று கேட்டார். சத்யா, 'அம்மா இல்லீங்க' என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். 'அழுவாத கண்ணு, இனிமே நாந்தான் உனக்கு அம்மா' என்று அவரும் அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேன், அம்பிகா. 'காபி ஆறுதுங்க' என்றுதான் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு சத்யா சாப்பிடவே இல்லை. 'வூட்ல இல்லீங்கன்னுதான்ப்பா சொல்ல வந்தேன், அதுக்குள்ள அவங்க அழுதுட்டாங்க' என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைக் கோபிக்காதே. அன்று அவள் கையைப் பிடித்து இழுத்தவனை நீ மண்வெட்டியால் அடித்திராவிட்டால் தன் கதி என்ன என்று அவளுக்குத் தெரியும். கேஸுக்குப் பிறகு குன்னத்தை விட்டு இங்கே வந்ததே, அவள் காதுபட யாரும் அதைப் பேசக் கூடாது என்றுதான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறினேன். பச்சையம்மாள் மருமகளுக்கு எடுத்து வைத்திருந்த புடவையைக் காட்டினார். இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பாஸானவர்களைப் படம் எடுக்கப் பேப்பர்காரர்கள் வருவதாகச் சொன்னாய். அந்தப் பேப்பர் ஜெயங்கொண்டத்துக்கும் போகும். உன்னைப் படத்தில் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனாலும் நீ கொஞ்சம் பின்னால் நின்றுகொள். பேர் கேட்டால் சொல்லாதே.

கல்யாணத்துக்கு வர, பரோல் மனுவை யார் உதவியும் இல்லாமல் நீயே எழுதப்போவதாகவும் சொன்னாய். எழுது. பிழையில்லாமல் அழகாக எழுது. எழுதி, நான் சொல்லும்வரை உன்னிடமே வைத்திரு.

அடுத்த வகுப்பையும் விடாமல் படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை, காலை முகூர்த்தம். அந்த நேரத்தில் அங்கிருந்தே நம் பெண்ணை மனதார வாழ்த்து.

உன்
வீரமுத்து