நேராகத் தெரிந்த கோபுரம்

ஐயா,

நேற்று வடை சுட்டேன். எண்ணெய் வடியட்டும் என்று விரித்த வெள்ளைத் தாள் ஊறிப்போய், அந்தப் பக்கம் இருப்பது மங்கலாகத் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், பழைய பழக்கம். எண்ணெய் வாடையோடு நீங்கள் வந்து நின்றீர்கள்.

போன மாதம் நீங்கள் காலமானதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் உங்கள் படத்தைப் பெரிதாக்கி மாட்டப் போகிறார்களாம். உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி பழைய மாணவர் ஒருவர் கேட்டார். ரொம்ப நேரம் யோசித்தேன். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் மற்றதை உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் அந்த நடுநிலைப் பள்ளிக்கு நான் அறிவியல் ஆசிரியையாக வந்தேன். நீங்கள் தலைமையாசிரியர். அரசாங்கம் அனுப்பிய அறிவியல் கருவிப் பெட்டி உங்கள் அறை பீரோவில் இருந்தது. சாவி உங்கள் இடுப்பில் இருந்தது. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று கேட்டபோதெல்லாம், "உடைஞ்சா யாருமா பதில் சொல்றது?" என்பீர்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் பெட்டி வெளியே வரும். காந்தத்துக்குச் சந்தனம் வைத்தீர்கள், பூதக்கண்ணாடிக்கும் நடுவில் பொட்டு வைத்தீர்கள். சூடம் காட்டிவிட்டு மறுபடி பூட்டினீர்கள். அறிவியலுக்கு நீங்கள் செய்த தொண்டு அதோடு சரி.

மற்ற நாட்களில் பிள்ளைகள் சோதனைகளை வாயால் செய்தார்கள். 'ஒரு குவளையில் பாதியளவு நீர் எடுத்துக்கொள்ளவும்' என்று முழு வகுப்பும் சேர்ந்து ஒப்பிக்கும். நீங்கள் வராந்தாவில் நின்று, கச்சேரி கேட்பவர் போல் தலையாட்டுவீர்கள்.

பீரோ திறக்காது என்று தெரிந்ததும், ஊசித்துளைக் கேமரா செய்யப் பால்பவுடர் டப்பாக்களைச் சேர்த்தேன். அடியில் ஆணியால் சின்ன ஓட்டை, உள்ளே கறுப்புத் தாள், திறந்த வாயில் எண்ணெய் தடவிய தாள். அதை இழுத்துக் கட்ட, தறி வீட்டுப் பிள்ளைகள் அறுந்த பட்டு நூல் கொண்டுவந்தார்கள். ஏழாம் வகுப்பு வசந்தாவின் டப்பாதான் எல்லாவற்றிலும் நன்றாக அமைந்தது. காலை வெயிலில் தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு கோயில் கோபுரத்துக்கு நேராக டப்பாவைப் பிடித்தாள். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "டீச்சர், கோபுரம் தலைகீழா தொங்கிக்கினு இருக்குது. மேல காக்கா கூட போவுது, அதுவும் தலைகீழா."

நான் சொல்லித் தராமல் அவளே கண்டுபிடித்தது அது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் நீங்கள் வந்தீர்கள். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தீர்கள். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"இன்னாமா டீச்சரம்மா இது? சாமி கோபுரத்தைத் தலைகீழா காட்டுறீங்க. ஊர்ல யாரனா பார்த்தா என்னா ஆவறது?"

"வெளிச்சம் நேர்கோட்டுல போவுது சார். மேல இருந்து வர்றது கீழ விழும். அதான் பாடமே."

"பாடம் புஸ்தகத்துல இருக்கட்டும். இங்க நேரா தெரியணும்."

வெளிச்சத்துக்கே உத்தரவு போட்ட மனிதர் நீங்கள் ஒருவர்தான். டப்பாவைத் திருகித் திருகிப் பார்த்தீர்கள். கோபுரம் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பிறகு ஓவிய ஆசிரியரைக் கூப்பிட்டு, எண்ணெய்த் தாளில் நேராக நிற்கிற கோபுரம் ஒன்றைக் கலரில் வரைந்து ஒட்டச் சொன்னீர்கள். அதைத்தான் செங்கல்பட்டில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு அனுப்பினீர்கள். இது பொய் என்றேன். "வேலைக்குப் புதுசு நீங்க" என்றீர்கள்.

வசந்தா சொல்ல வேண்டியதை அந்த அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். அவளும் ஒப்பித்தாள். நடுவராக வந்தவர் துணிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அடடே, கலரே மாறாம அப்படியே தெரியுதே" என்றார். உங்களுக்கு ஏற்ற நடுவர். பரிசாக எவர்சில்வர் தட்டு கிடைத்தது. வசந்தா கையிலிருந்து வாங்கி நீங்களே வைத்துக்கொண்டீர்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாலாஜாபாத் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அன்னிக்குக் கோபுரம் தலைகீழா தெரிஞ்சுதே, அது நெஜமா? இல்ல என் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரிஞ்சுதா?"

"நெஜம்தான்டி. நானும்தான் பார்த்தேன்."

அவள் என்னை நம்பவில்லை. முன் இருக்கையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிய உங்களைப் பார்த்தாள். என்ன இருந்தாலும் தலைமையாசிரியர். அந்த வருஷம் முழுவதும் நான் எதைக் காட்டினாலும், "நீங்களே சொல்லிடுங்க டீச்சர், எழுதிக்கிறேன்" என்றாள். பெட்டியைப் பூட்டியதைக்கூட விட்டுவிடலாம். தன் கண்ணால் பார்த்ததையே அந்தப் பெண் சந்தேகப்படும்படி செய்தீர்களே, அதை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் செத்துப்போனதால் அதில் எந்த மாற்றமும் இல்லை.

பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தேன். பிள்ளைகளிடம் எதையாவது கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்பேன். சொல்லிவிட்டு உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள், சரியா தப்பா என்று. "என்னைப் பார்க்காதே, இன்னொரு தடவை அதைப் பார்" என்பேன். ஓய்வு பெறும்வரை சொன்னேன். இப்போதும் தெருப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். என் முகத்தை ஒரு பிள்ளை அப்படிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், அந்த முகம் உங்களுடையதாக ஆகிவிடுமோ என்று எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.